ஃப்ளெக்ஸில் ஒரு சாமியார் கூடுதல்

இடையஞ்சாவடி,
மார்ச் 17

அருள்பிரகாசம்,

நேற்று போனில் நான் கத்திக்கொண்டிருந்தபோது நீ சிரித்தாய். அதனால்தான் உன் நம்பரை ப்ளாக் செய்தேன். கடிதம் என்றால் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது. சாமியாருக்குப் படித்த குருமடத்தில் ஒரே அறையில் அத்தனை வருஷம் உன் சிரிப்பைச் சகித்ததே போதும்.

நேற்று பாதியில் போனை வைத்துவிட்டதால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் தாண்டி ஒரு பண்ணை வீட்டில் இன்வெர்ட்டர் கோளாறு. நான் மாட்டிக்கொடுத்த சோலார் என்பதால் நான்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் லீவு என்று நிவேதாவும் பைக்கில் ஏறிக்கொண்டாள். திரும்பி வரும்போது ஈ.சி.ஆரில் உங்கள் ஊருக்குத் திரும்பும் முக்கில், தென்னை மர உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் நீ. உன் பக்கத்தில் நான். இருபத்தைந்து வயது குறைவாக, தலை நிறைய முடியோடு, பூசை உடுப்பில். கீழே, ‘குருத்துவ வெள்ளிவிழா காணும் எங்கள் தந்தையர்களே, வாழ்க’.

தந்தையர்கள்.

நீயும் நானும் ஒரே நாளில் ஒரே ஆயர் கையால் குருப்பட்டம் வாங்கினோம். அது உண்மை. பத்தாவது வருஷம் நான் ரோமுக்கு எழுதி, முறைப்படி அனுமதி வாங்கி, அங்கியை மடித்து வைத்துவிட்டு ஜெயப்ரியாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதுவும் உண்மை. முதல் உண்மை தெரிந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

“அப்பா, நிறுத்து நிறுத்து. அது நீதான” என்றாள் நிவேதா.

“என்ன மாதிரி யாரோ.”

“மூக்கு உன் மூக்குப்பா.”

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அப்பா ஒரு காலத்தில் சாமியாராக இருந்தவன் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் ஜெயப்ரியாவும் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வயது வரும், அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அந்த வயதை உங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் தீர்மானித்துவிட்டது. வீடு வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நிவேதா பேசாமல் வருவது என்றால் என்ன என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதை இன்றே இறக்கு.

ஆல்பர்ட்


மரக்காணம் வழி, சூசையப்பர் கோயில்,
மார்ச் 21

அன்பு ஆல்பர்ட்,

தவக்காலத்தில் இவ்வளவு கோபம் ஆகாது. நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை. நீ போனில் ‘தந்தையர்கள்’ என்று சொன்ன விதம், தமிழ் வாத்தியார் பிழை கண்டுபிடித்த மாதிரி இருந்தது. நிவேதாவுக்கு விஷயமே தெரியாது என்பதைக் கடிதத்தில்தான் படித்தேன். போனில் அதைச் சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். படித்ததும் சிரிப்பு போய்விட்டது. மன்னித்துவிடு.

ஃப்ளெக்ஸை இறக்கியாயிற்று. நானே ஏணி பிடித்தேன்.

இது எப்படி நடந்தது என்று விசாரித்தேன். வெள்ளிவிழாக் கமிட்டி என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் தலைவி யார் தெரியுமா, உன் அந்தோணிமேரி. நீ பட்டம் வாங்கியதும் முதல் மூன்று வருஷம் இந்த ஊரில்தான் துணைச் சாமியாராக இருந்தாய், மறந்திருக்க மாட்டாய். உப்பளத்து வரப்பில் நீ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, சைக்கிளும் நீயும் அவளுமாகப் பாத்திக்குள் விழுந்து, உப்பேறிய உன் வெள்ளை அங்கி காய்ந்தபின் தானாக எழுந்து நின்றதாமே. அந்தக் கதையை இங்கே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் இப்போது மாதா சபைத் தலைவி. அவள் வைத்ததுதான் சட்டம். நான் பங்குத்தந்தை என்பதெல்லாம் பலகையில் எழுதியிருப்பதோடு சரி.

என் குருப்பட்டப் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், நீயும் நானும் நிற்பது. அதை மரக்காணத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் சிலம்பரசனிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவன் உன்னை வெட்டிப் பார்த்திருக்கிறான். நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாய் இல்லையா, உன்னை வெட்டினால் கை மட்டும் என் தோளில் தொங்குகிறது.

“கைய எடுத்தா பாதரோட பாதித் தோளும் போயிடுது அக்கா. கைய விட்டா பேய்ப் படம் மாதிரி இருக்குது. என்ன பண்றது?”

“அப்ப ரெண்டு பேரும் இருக்கட்டும்பா. ரெண்டு பேருக்கும்தான இருவத்தஞ்சு வருசம் ஆவுது.”

இவ்வளவுதான் நடந்தது. சிலம்பரசன் நம் ஆள் இல்லை, அவனுக்கு உள்விவரம் தெரியாது. இரண்டு சாமியார் என்றதும் அவனாகவே ‘தந்தையர்கள்’ போட்டுவிட்டான். அந்தோணிமேரியிடம் நான் கோபமாகத்தான் பேசினேன். “உள்ளத சொன்னேன், தப்பா?” என்று கேட்டாள். பக்கத்துப் பங்குச் சாமியார் வேறு போன் செய்து, “என்ன பாதர், உங்க ஊர்ல ஒரு ஆள் கூடுதலா இருக்காராமே” என்றார். அவரிடமும் சிரித்துவைத்தேன்.

இறக்கிய ஃப்ளெக்ஸை அவள் வீணாக்கவில்லை. இந்த வருஷம் கோடை மழைப் பயம் அதிகம். உப்புக் குவியலை மூடத் தார்ப்பாய் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாம் இருவரும் இப்போது அவள் அளத்து உப்பின் மேல் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறோம். மழை வந்தால் முதலில் நனைவது நாம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 28 மாலை நான்கு மணிக்குப் பூசை. நீ வர வேண்டும். ஃப்ளெக்ஸ் விவகாரத்துக்கு முன்பே எழுத நினைத்தேன். உன்னைப் பீடத்துக்கு வரச் சொல்லவில்லை. அது கூடாது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். பெஞ்சில் உட்கார். ஜெயப்ரியாவையும் நிவேதாவையும் அழைத்துக்கொண்டு வா. என் அப்பா அம்மா இல்லை. அன்று என்னோடு இருந்தவன் என்று சொல்ல உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான்.

உன்
அருள்


இடையஞ்சாவடி,
மார்ச் 28

அருள்,

இறக்கியதற்கு நன்றி. பேய்ப் படம் மாதிரி என்பதை ஜெயப்ரியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். இப்போது நீ இரண்டு பேரைக் கெடுத்துவிட்டாய்.

நிவேதாவிடம் சொல்லிவிட்டோம். வேறு வழியில்லை. மூன்று நாள் அவள் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை தோசை சாப்பிடும்போது ஜெயப்ரியா ஆரம்பித்தாள், நான் முடித்தேன். பத்து வருஷம் சாமியாராக இருந்தேன், அது நல்ல வாழ்க்கை, அதற்குப் பிறகு உன் அம்மாவைத் தெரிந்தது, ஆயரிடம் சொன்னேன், யாரையும் ஏமாற்றவில்லை, ஒளிந்து ஓடவில்லை, முறைப்படி அனுமதி வாங்கித்தான் வந்தேன். அவ்வளவும் நன்றாகத்தான் சொன்னேன். வகுப்பில் பாடம் எடுத்த மாதிரி இருந்தது.

தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நான் பொறக்காம இருந்திருந்தா நீ இன்னும் சாமியாராவே இருந்திருப்பியாப்பா?”

“நான் வெளிய வந்து மூணு வருசம் கழிச்சுதான்டா நீ பொறந்த. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றேன். கணக்கு சரிதான். “ஓ” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவளாகப் போய்த் தட்டைக் கழுவினாள் என்றால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்.

எனக்கு இருக்கும் பயத்தை உன்னிடம் சொல்லலாம். கல்யாணமான சாமியார் என்று ஊர் பேசுவதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இவள் ஒன்றை மனதில் போட்டுக்கொள்வாள் என்றுதான் பயம். அப்பா ஏதோ பெரிய இடத்தில் இருந்தார், எங்களுக்காக இறங்கி வந்துவிட்டார், நான் அவருக்கு ஒரு நஷ்டம் என்று. பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது தாங்களாகவே தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். அதை இறக்கிவைக்க நமக்குக் கை எட்டுவதில்லை.

அதனால் நான் வரமாட்டேன். அங்கே வந்தால் பீடத்தில் நீ, மாலை, சால்வை, ஊரே கைகூப்பி நிற்கும். பின் பெஞ்சில் பேன்ட் சட்டையில் நான். அதை அவள் பார்த்தால் என்ன நினைப்பாள்? அவள் பயந்தது சரி என்றுதானே?

நீ நன்றாகக் கொண்டாடு. மனதார வாழ்த்துகிறேன்.

ஆல்பர்ட்


மரக்காணம் வழி, சூசையப்பர் கோயில்,
ஏப்ரல் 9

அன்பு ஆல்பர்ட்,

உயிர்ப்புத் திருவிழா வேலை எல்லாம் முடிந்து இன்றுதான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் பெரிய வாரம் முழுவதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். உன்னை வரச் சொல்லி இந்தக் கடிதத்தில் கெஞ்ச மாட்டேன். வேறு ஒன்று எழுத வேண்டும்.

இருபத்தைந்து வருஷம் என்றதும் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், என்ன சாதித்தீர்கள் பாதர் என்று. விழா மலர் போடுகிறார்களாம், அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எறும்புதான். அதை மலரில் போட முடியுமா?

குருப்பட்டம் வாங்கிய அன்று நாம் இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் கம்பளத்தில் குப்புறப் படுத்திருக்கிறோம். புனிதர்கள் மன்றாட்டு பாடுகிறார்கள். ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட்டு எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். நான் உருகிப்போய்க் கிடக்கிறேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து நீ மெதுவாக, “டேய், கம்பளத்துல எறும்பு. சட்டைக்குள்ள பூந்துடுச்சு” என்றாய். நான் அசையக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். புனித லாரன்சு வந்தபோது நீ, “இவரு நெருப்புல படுத்தவரு, இவருகிட்ட கேளு” என்றாய். அவ்வளவுதான். என் முதுகு குலுங்க ஆரம்பித்தது. உன் முதுகும் குலுங்கியது. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள், பிள்ளைகள் ஆண்டவரிடம் எப்படி அழுகிறார்கள் பார் என்று. என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் உண்மையைச் சொல்லவே இல்லை.

ஐந்து வருஷத்தில் மகானாகிவிடுவேன் என்றுதான் அன்று நினைத்தேன். பெரிய பிரசங்கியாவேன் என்றும் நினைத்தேன். இங்கே உப்பு சீசனில் சனங்கள் விடியும் முன்னரே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். அதனால் வார நாள் பூசையை மாலைக்கு மாற்றினேன். நான் பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு, பாவம், வீட்டில் இந்தப் பத்து நிமிஷத் தூக்கம்கூடக் கிடைக்காதே என்று மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். இப்போது யாரையும் எழுப்பாமல் பிரசங்கம் செய்வதில் என்னை மிஞ்ச மறைமாவட்டத்தில் ஆள் இல்லை. பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு பார்த்தால் தரையெல்லாம் வெள்ளையாகக் கால் தடங்கள் காய்ந்திருக்கும். அதைக் கூட்டிவிட மனசு வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

பெருமுக்கல் பக்கத்தில் ஒரு பெரியவர் சாகக் கிடந்தார். நோயில்பூசுதல் கொடுக்கப் போனேன். ஜெபமெல்லாம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாதர், கிரிக்கெட்ல என்னாச்சு” என்றார். போனில் பார்த்துச் சொன்னேன். தோற்றுவிட்டார்கள் என்று. “அப்ப நான் போறதே நல்லது” என்று சிரித்தார். மறுநாள் போய்விட்டார். இதெல்லாம்தான் என் சாதனை.

நான் சந்தோஷமாக இருந்தேன் ஆல்பர்ட். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பிரசங்கத்தில் சொன்னால் பெருமை பேசுகிறார் என்பார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அது பாவம் இல்லை. கூடப் படித்த மற்றவர்களிடம் சொன்னால் ஏதாவது பெரிய பங்குக்கு மாற்றல் கேட்கப் போகிறேன் என்று சந்தேகப்படுவார்கள். உன்னிடம்தான் சொல்ல முடியும். தனியாக இருக்கும் நாள் இல்லையா, உண்டு. மழைக்காலத்தில் சாயங்காலம் கரண்டு போனால் இந்த வீடு பெரிதாகிவிடும். இருந்தும், இன்னொரு முறை அந்தக் கம்பளத்தில் படுக்கச் சொன்னால் எறும்போடு சேர்த்துப் படுப்பேன்.

நீயும் சந்தோஷமாக இருக்கிறாய். எனக்குத் தெரியும். போன வருஷம் கோட்டக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேனே. நிவேதாவின் புத்தகப் பையை உன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாய். நான் பஸ்ஸில் இருந்ததால் கூப்பிட முடியவில்லை. இருபத்தைந்து வயதில் புதுப் பூசை உடுப்பில் நின்ற உன் முகத்தைவிட அந்த முகம் நன்றாக இருந்தது.

அதை அவளிடம் சொல்லிவிடு. அவள் கேட்டதற்கு நீ தேதி சொன்னாய். அவள் தேதியா கேட்டாள்?

உன்
அருள்


இடையஞ்சாவடி,
ஏப்ரல் 19

அருள்,

உன் கடிதத்தில் எறும்புக் கதை வரை மட்டும் நிவேதாவுக்குப் படித்துக் காட்டினேன். தோசை சாப்பிட்ட அன்றிலிருந்தே பேச்சு குறைந்திருந்தவள், புனித லாரன்சு இடத்தில் பாயில் உருண்டுவிட்டாள். மூச்சு வாங்க, “இந்த பாதர நான் பாக்கணும்பா” என்றாள். உப்பளமும் பார்க்க வேண்டுமாம். உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவள் புத்தகத்தில் ஒரு படம் மட்டும் போட்டு முடித்துவிட்டார்களாம். வரமாட்டேன் என்று சொல்ல நான் இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தேன். ஜெயப்ரியா பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் தகவல் சொன்னாள். என் வீட்டிலும் ஒரு கமிட்டித் தலைவி இருக்கிறாள்.

ஆகவே வருகிறோம். நிபந்தனைகள் உண்டு. மேடைக்குக் கூப்பிடக் கூடாது. சால்வை கூடாது. மைக்கில் என் பெயர் வரவே கூடாது. நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். பூசை முடிந்ததும் உனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, நிவேதாவுக்கு உப்பளத்தைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவோம்.

அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், வக்கீல் வாதாடுகிற மாதிரி வருகிறது. பஸ் ஸ்டாப் விஷயத்தை நீ எழுதியதைத் தனியாக நான்கைந்து முறை படித்தேன். அவளிடம் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். அங்கே வந்து அவள் என்ன பார்க்கப் போகிறாளோ.

நீ சந்தோஷமாக இருந்தாய் என்பதை வாங்கி வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆல்பர்ட்


மரக்காணம் வழி, சூசையப்பர் கோயில்,
ஏப்ரல் 30

அன்பு ஆல்பர்ட்,

உன் நிபந்தனைகள் அத்தனையையும் நான் காப்பாற்றினேன். மேடை இல்லை, சால்வை இல்லை, மைக்கில் பெயர் இல்லை. நான் காப்பாற்றினேன் என்றுதான் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் செய்ததற்கு நான் பொறுப்பில்லை.

நேற்று முழுவதும் தூங்கினேன். வந்த சால்வைகளை வைத்து இந்த ஊர் முழுவதற்கும் பந்தல் போடலாம். ஊராட்சித் தலைவர் பேச எழுந்தபோது எல்லோருக்கும் பசி. அவர் என்னை உப்பு என்றார், பிறகு கடல் என்றார், பிறகு கலங்கரை விளக்கம் என்றார். பிரியாணி வாசம் வந்ததும் தானாகவே என்னை மறுபடி மனிதனாக்கி முடித்துவிட்டார். பூசையில் நான் அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன். அப்பத்தைக் கையில் எடுத்து நிமிர்ந்தபோது, கடைசி பெஞ்சில் நீ முழங்காலில் இருந்தாய். இரண்டு வரி எனக்கு வாசிக்க வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சமாளித்தேன். ஏசி இல்லாததால் வேர்க்கிறது என்று சனங்கள் நினைத்திருப்பார்கள்.

நீ பார்க்காத பகுதி ஒன்று உண்டு. அதை நான் சொல்கிறேன்.

இந்த ஊரில் புதுச் சாமியார் வந்தால் பூசை முடிந்ததும் வரிசையில் வந்து அவர் உள்ளங்கையை முத்தமிடுவார்கள் இல்லையா, ஆயர் எண்ணெய் பூசிய கை என்று. வெள்ளிவிழாவுக்கும் அதைச் செய்தே ஆக வேண்டும் என்று அந்தோணிமேரி உத்தரவு. என்னைக் கோயில் வாசலில் நிற்கவைத்தார்கள். நானும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். வரிசை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. திடீரென்று என் எதிரில் ஆள் குறைந்தது. பார்க்கிறேன், என்னிடம் முத்தமிட்டவர்கள் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகவில்லை. இடப்பக்கமாகத் திரும்பி, பைக் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வரிசை. என் வரிசையைவிட நீளமாக.

நீ பைக்கை எடுக்கப் போனாயாம். அந்தோணிமேரி சாவியைப் பிடுங்கிக்கொண்டாளாம். வரிசையில் நின்றவர்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள்.

“எங்க சாமி கெளம்பிட்ட? கைய காட்டு.”

“அந்தோணிமேரி, நான் இப்ப சாமி இல்லம்மா.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எம் பொண்ணு செந்தமிழுக்கு ஞானஸ்நானம் குடுத்த கை இதுதான? குடு.”

அவள் மகளும், மகள் இடுப்பில் குழந்தையும், அதற்குப் பின்னால் நீ தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் எல்லாம் மீசையும் புடவையுமாக வந்து நின்றார்களாம். இங்கே என் வாசலில், விரித்த கையோடு நான் ஒருவன். எதிரில் பக்கத்துப் பங்குச் சாமியார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “பாதர், ஒரு ஆள் கூடுதல்னு சொன்னேன்ல” என்றார். இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் சிரித்ததில்லை. நானும் ஓடிவந்து உன் வரிசையில் நின்றுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அதற்குள் ஊராட்சித் தலைவர் விட்டுப்போன சால்வை ஒன்றோடு வந்துவிட்டார்.

நான் வந்து சேர்ந்தபோது வரிசை முடிந்திருந்தது. அந்தோணிமேரி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நிவேதா உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ என் கையைக் குலுக்கிவிட்டு, உப்பளம் பார்க்க இன்னொரு நாள் வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். என்ன நடந்தது என்று அந்தோணிமேரியைக் கேட்டால், “அத சாமியே சொல்லட்டும்” என்கிறாள்.

கடைசியில் என்ன நடந்தது? நிவேதா ஏதாவது மனம் வருந்தினாளா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே எழுது.

அருள்


இடையஞ்சாவடி,
மே 4

அருள்,

அன்றைக்கு உன்னிடம் நின்று பேசாமல் கிளம்பியது எனக்கே நன்றாக இல்லை. வாயைத் திறந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். இப்போது எழுதலாம்.

அந்தோணிமேரி என் கையை இழுத்து முத்தமிட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் கை வழவழப்பாக இருக்கும். என் கை கம்பி பிடித்துக் காய்த்துப்போன கை. அதில் கண் ஒற்றிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏன் போனாய், எப்படி இருக்கிறாய், ஒன்றும் இல்லை. ஒரு பையன் மட்டும், “சாமி, எனக்குப் பேரு வச்சது நீங்கதானாம். நல்லாத்தான் வச்சிருக்கீங்க” என்றான். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் என் கண் முழுவதும் நிவேதா மேல்தான் இருந்தது. வரிசைக்குப் பின்னால் ஐஸ்க்ரீம் கப்போடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ்க்ரீம் உருகி மணிக்கட்டில் வழிந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. முடிந்தது, நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா எவ்வளவு பெரியதை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று இத்தனை பேர் வரிசையாக வந்து அவளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்களே என்று.

கடைசி ஆள் போனதும் நிமிர்ந்து பார்க்கிறேன். வரிசையின் கடைசியில் நிவேதா நிற்கிறாள். ஐஸ்க்ரீமை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

நான் கையை நீட்டினேன். அவள் குனியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கோயிலில் வரிசை என்றால் அவளுக்குத் தெரிந்தது, உள்ளங்கையை நீட்டி அப்பம் வாங்கும் நற்கருணை வரிசை ஒன்றுதான். முன்னால் போகிறவர்கள் குனிவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அப்பா எல்லோருக்கும் ஏதோ கொடுக்கிறார், நானும் வாங்கிக்கொள்கிறேன் என்று வந்து நிற்கிறாள்.

நானும் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், அவளும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தோணிமேரி, “பாப்பா, நீதான் முத்தம் குடுக்கணும்” என்று சொல்ல வந்தாள். நான் அவளைத் தடுத்தேன். அந்த மணலில் முழங்காலில் உட்கார்ந்து, நிவேதாவின் இரண்டு உள்ளங்கையையும் பிடித்து முத்தமிட்டேன். வெண்ணிலா ஐஸ்க்ரீம் பிசுபிசுப்போடு.

“நீ அன்னைக்கு கேட்டியே, அதுக்கு அப்பா தப்பா பதில் சொல்லிட்டேன்டா. நீ பொறக்காம இருந்திருந்தா நான் என்னவா இருந்திருப்பேன்னு எனக்குத் தெரியாது. ஆனா இவ்ளோ சந்தோஷமா இருந்திருக்க மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.”

கண்ணாடி முன்னால் ஒரு தடவைகூட வராத வார்த்தைகள். ஒன்றும் யோசிக்காமல் வந்துவிட்டன. அழுகை வந்து, மூக்கு ஒழுகி, ஊரே பந்தலில் பிரியாணித் தட்டோடு திரும்பிப் பார்க்க, நான் அவள் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

“அப்பா, எல்லாரும் பாக்குறாங்கப்பா” என்றாள்.

கையை மட்டும் எடுக்கவில்லை.

ஆல்பர்ட்